உடுப்பு கவுண்டரில் சம்மந்தி

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலையிலேயே ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கும் ஒரு தீம் பார்க்கில் எனக்குக் காஸ்ட்யூம் கவுண்டர் வேலை. அங்கே பெரிய வேவ் பூல் ஒன்று உண்டு. மோட்டார் போட்டால் கடல்போல அலை வரும். அதில் இறங்க நைலான் உடுப்பு கட்டாயம். சேலை, நைட்டி, சாரம் என்கிற கைலி எதற்கும் அனுமதி இல்லை. தண்ணீரில் துணி விரிந்து காலைச் சுற்றிவிடும் என்பதால் அப்படி ஒரு விதி. வருகிறவர்களுக்கு அளவு பார்த்து உடுப்பு கொடுப்பது, அவர்கள் குளித்து வந்ததும் நனைந்த உடுப்பைக் கையில் வாங்குவது, குளோரின் தண்ணீரில் அலசி ஸ்பின்னரில் போட்டு உலர்த்துவது, இவ்வளவுதான் என் வேலை.

அன்று முந்திரி ஆலையில் வேலை பார்க்கிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் என் அம்மா வயதுள்ள ஒருவரிடம், "சேலையோட இறங்கப்பிடாது, இத போடணும்" என்று சொல்லி, நைலான் கால்சட்டையைக் கவுண்டர் மேசையில் விரித்துக் காட்டினேன். "ஒங்களுக்கு டபுள் எக்ஸெல் பத்துமா?" என்று வேறு சத்தமாகக் கேட்டேன். வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத உடுத்திட்டு எனக்க மருமவனுக்க முன்னால நிக்கணுமா?" என்று கேட்டார் அவர். குரல் உடைந்துவிட்டது. மற்றவர்கள் குளித்து வரும்வரை கேட் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்தக் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் பாடம் இதுதான்: அளவை ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். ஆள் வரிசையில் வரும்போதே கண்ணால் அளந்துவிட வேண்டும். உடுப்பை ஒரு டவலுக்குள் சுற்றி, பலகாரப் பொதியைக் கொடுப்பதுபோலக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

2. மாலை டிக்கெட்

காலையில் வருகிறவர்களுக்கு அவசரமே கிடையாது. ஈவினிங் டிக்கெட்காரர்கள் கதை வேறு. நாலு மணிக்கு மேல் விலை குறைவு என்பதால் கடையில் நிற்கிறவர்கள், ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள், வயல் வேலை முடித்தவர்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். கையில் இருப்பதோ ஒரு கைப்பிடி நேரம். அதையும் வீணாக்குவதில் நம் ஊர்க்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

கேட்டுக்குள் நுழைந்ததும் நீரூற்றுக்கு முன்னால் போட்டோ. பிறகு, "மைனி இன்னும் வரல்ல, நிக்கட்டும்" என்று ஒரு காத்திருப்பு. மைனி வந்தால் அண்ணன் வண்டி நிறுத்தப் போயிருப்பார். எல்லாரும் சேர்ந்தபின் வாழைக்காய் பஜ்ஜியும் சாயாவும். அப்புறம் ராட்டினம். வேவ் பூல் பக்கம் வரும்போது லைஃப்கார்டு கடைசி விசிலை ஊதிக்கொண்டிருப்பான்.

சரியான வரிசை தலைகீழானது. தண்ணீரைத்தான் முதலில் மூடுவார்கள், அதனால் தண்ணீருக்குத்தான் முதலில் போக வேண்டும். ராட்டினம் கடைசிவரை ஓடும். லைட் போட்ட பிறகு ஏறினால் அழகும் கூடுதல். சாயாவை வீட்டில் போய்க் குடிக்கலாம். நான் கவுண்டரில் நின்றபடி எல்லாரிடமும் இதைச் சொல்வேன். "எக்கா, நீங்க பார்க்குக்க முதலாளியாக்குமா?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள். ஆனால் கேட்பார்கள்.

பெண்கள் கூட்டமாக வந்தால் இன்னொரு வழியும் உண்டு. எல்லாரிலும் வாய் கூடியவள் யாரென்று பார்த்து முதல் உடுப்பை அவளுக்குக் கொடுக்க வேண்டும். அவள் உடுத்தி வெளியே வந்து, "ஏட்டி, ஒண்ணும் தெரியல்ல, வாங்க" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், மற்றவர்களும் உடுத்திவிடுவார்கள். இப்படி எத்தனையோ பேரைத் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டு வந்து நனைந்த உடுப்பை என் கையில் தரும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

3. ஆபீஸ் வேலை

என் மகள் ஷைனியைப் பெண் பார்க்க இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனகபாய், "ஒங்களுக்கு எங்ஙன வேல?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "பார்க்கில, ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவிட்டார். மயிலாடியில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுகிறவர் அவர். தன் வேலையை உள்ளபடி சொன்ன மனிதர், என் வேலையை மட்டும் மாற்றிச் சொன்னார். நான் மிக்சர் தட்டைச் சம்மந்தி பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம் ஒரு நாள் மத்தியானம் ஷைனி போன் செய்தாள்.

"அம்மா, இன்னைக்கு நாங்க எல்லாரும் சாயங்காலம் பார்க்குக்கு வாறோம். ஜெகன் மச்சான் நாளைக்கு துபாய் போறாரு. அத்தைய அலையில இறக்கணும்னு ஒரே பிடிவாதம்."

ஜெகன் என் மருமகனின் அண்ணன். "வாங்க மக்ளே" என்றேன்.

"நீ அந்த உடுப்பு கவுண்டர்ல நிக்காத."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"கேட்டியா அம்மா? ஒரே ஒரு நாளு. மூத்த மருமவளுக்க அம்மை ஸ்கூல் டீச்சராக்கும். எனக்கு அந்த வீட்ல தலை நிமிந்து நிக்கண்டாமா?"

அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தாய்க்கு அந்த ஒரு பயம் போதும். சரி என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜரிடம் தலைவலி என்று சொன்னேன். நல்ல மனுஷன். "அப்ப கேமரா ரூம்ல ஏசியில இருங்கக்கா, அபிஷா பாத்துக்குவா" என்றார். அபிஷா வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண். நான் கவுண்டரில் நிற்கிறவர்கள் போடுகிற நீலக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சுழல் நாற்காலியில் ஆபீஸ்காரியாகப் போய் உட்கார்ந்தேன். கால் தரையில் சரியாக எட்டவில்லை.

4. கேமராவில் தெரிந்தது

சுவரில் வரிசையாகத் திரைகள். ஒன்றில் என் கவுண்டர் தெரிந்தது. அபிஷா திணறிக்கொண்டிருந்தாள். வரிசை லாக்கர் ரூம் வரைக்கும் நீண்டுவிட்டது. நான் ஷைனிக்குப் பலமுறை சொல்லியிருந்ததால், அவர்கள் போட்டோ, சாயா எதற்கும் நிற்காமல் நேராகத் தண்ணீருக்கு வந்துவிட்டார்கள். கனகபாய் நல்ல கனத்த உடம்புக்காரி. அவர் முறை வந்ததும் அபிஷா ஒரு உடுப்பை எடுத்து அவர் தோளில் வைத்துப் பார்த்தாள். பற்றவில்லை. உள்ளே திரும்பி ஏதோ கூப்பிட்டுக் கேட்டாள். திரையில் சத்தம் வராது. ஆனால் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

கனகபாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். ஜெகன் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அவர் கையை விடுவித்து, 'நீங்க போங்க' என்று சைகை காட்டிவிட்டுப் பூலுக்குப் பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள். ஷைனி ஒருமுறை கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். நான் இருக்கிற இடத்தை அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தும் கால் நனைத்ததற்குமேல் கடலில் இறங்காத பெண்பிள்ளை அவர். கல்யாண வீட்டில் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். மகன் நாளைக்குப் போனால் இனி எப்போது வருவானோ. மூடுகிற நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் அவருக்குச் சரியான உடுப்பு இருந்தது. நான்தான் அதை அங்கே வைத்திருந்தேன்.

அப்படியும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. யாராவது போய் அவருக்கு உதவுவார்கள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் போகவில்லை. அவர் தண்ணீரில் ஆடுகிற மகனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். உடுப்பை டவலுக்குள் சுற்றி எடுத்துப் போய் அவர் மடியில் வைத்தேன்.

"சம்மந்தி, இது ஒங்களுக்கு பாகமா இருக்கும்."

அவர் என் கோட்டைப் பார்த்தார். அதில் 'காஸ்ட்யூம் கவுண்டர்' என்று எழுதியிருந்ததைப் படித்தார்.

"நீங்க ஆபீஸ்ல இல்லியா?"

"இல்ல. இந்த உடுப்பு குடுக்கதுதான் எனக்க வேல."

டவல் பொதியை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "செரி" என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.

கடைசி அலை அவருக்குக் கிடைத்தது. ஜெகன் ஒரு பக்கமும் என் மருமகன் இன்னொரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அலை வந்து இடித்தபோது அவர் கூவிச் சிரித்தது கவுண்டர்வரை கேட்டது. ஷைனி மட்டும் கரையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

பார்க் மூடியபின் எண்ணிப் பார்த்தபோது, "எக்கா, ஒரு செட் கொறையுது" என்றாள் அபிஷா. எல்லாரும் உடுப்பைத் திருப்பித் தந்திருந்தார்கள். கனகபாய் தரவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கனகபாயும் ஷைனியும் எங்கள் வாசலில் நின்றார்கள். கனகபாய் ஒரு துணிக்கடைப் பையை என்னிடம் நீட்டினார். உள்ளே அந்த உடுப்பு. துவைத்து மடித்திருந்தது. ஆனால் இடுப்புப் பக்கம் நைலான் உருகி, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்கு ஒரு ஓட்டை.

"தேச்சுத்தான் தரணும்னு நெனச்சேன். வச்ச ஒடனே ஒட்டிப்பிடிச்சிட்டு. பாழாக்கிட்டேன் சம்மந்தி."

"நைலான யாராவது தேப்பாங்களா? அன்னைக்கே கவுண்டர்ல தந்திருக்கலாமே."

"எப்பிடி தாறது?" அவர் குரல் தாழ்ந்தது. "பொண்ணு எடுத்த வீட்டு ஆளு நீங்க. நான் உடுத்து நனச்ச துணிய ஒங்க கையில தந்து அலசச் சொல்லவா? அது மானக்கேடில்லியா?"

என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் உடுப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். கனகபாய் மரியாதைக்காகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். அந்த மரியாதை என் வேலையைத் தொடக்கூடாத ஒன்றாக ஆக்கியது. நாங்கள் மறைக்காமல் இருந்திருந்தால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது என்றும் தெரியும்.

அடுக்களையில் சாயா போடும்போது ஷைனி பின்னால் வந்தாள்.

"நான் அவ்வளவு சொல்லியும் நீ வெளிய வந்துட்டியே."

"ஒனக்க அத்தை பெஞ்சில தனியா இருந்தாளே மக்ளே."

"இருந்தா இருக்கட்டுமே. ஒரு நாளு தானே."

நான் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது கனகபாய் தயங்கினார். "சம்மந்தி, இன்னொரு நாளு வரட்டா? அன்னைக்கு ஒரே ஒரு அலைதான் கெடச்சு."

"வாங்க. ஆனா துணிய எனக்க கையிலதான் தரணும். இல்லைன்னா வரண்டாம்" என்றேன்.

6. இரண்டாவது தடவை

அடுத்த மாதம் அதே ஈவினிங் டிக்கெட்டில் கனகபாயும் ஷைனியும் மட்டும் வந்தார்கள். நேரம் ஒன்றையும் வீணாக்கவில்லை. நாலு மணிக்கு கேட், உடனே உடுப்பு, உடனே தண்ணீர். கனகபாய் விசில் ஊதும்வரை கரை ஏறவே இல்லை.

உடுப்பைத் திருப்பித் தர வரிசையில் வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு நனைந்த துணியை இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். "போடட்டா சம்மந்தி?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன். என் கையில் வைத்தார். இரண்டு பேருக்குமே முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதோடு அந்தச் சங்கடம் கரைந்தது.

அவருக்குப் பின்னால் ஷைனி நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வரிசைக்கு நகர்ந்து, தன் நனைந்த உடுப்பை அபிஷாவின் கையில் கொடுத்தாள். துடைத்த கையோடு மாமியாரைக் கூட்டிக்கொண்டு ராட்டினத்துக்குப் போனாள்.

அபிஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒங்க மகளாக்கா அது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஷைனிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று தட்டை நகர்த்திவிட்டு நான் சும்மா இருந்ததை அவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். ஒளிந்துகொள் என்றதும் நான் மறுபேச்சில்லாமல் ஒளிந்ததையும் பார்த்தாள். அம்மாவின் வேலை மறைக்க வேண்டிய வேலை என்று அவளுக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை. நான்தான் சொல்லித் தந்தேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது உங்கள் வேலை என்னவென்று கேட்டால், நீங்களே முதலில் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் ஷைனிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போதும் அவள் ஊரில் யாராவது கேட்டால், "அம்மா பார்க்கில, ஆபீஸ்ல" என்றுதான் சொல்கிறாளாம்.