கடலுக்கு அடியில் இருக்கிற மண்

விடியச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி, "அக்கரைப்..." எண்டு வாசிக்கிறதுக்குள் ஒரு பஸ் போய்விட்டது. ஆரிடமும் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அடுத்த பஸ்ஸை முழுக்க வாசித்துத்தான் ஏறினேன்.

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. சண்டை முடிந்து ஒரு வருஷம். பஸ்ஸால் இறக்கி இறக்கி நடக்கவிட்ட சோதனைச் சாவடிகளில் இப்போது வெறும் பீப்பாய்கள்.

"தனியவா உம்மா?" எண்டு கேட்டான் கொண்டக்டர்.

"ரெண்டு பேருக்கா டிக்கட் கேட்டன்?"

அவன் ஒரு டிக்கட்டைக் கிழித்துத் தந்தான்.

அக்கரைப்பற்றில் வெகுநேரம் காத்திருந்து பஸ் மாறி, திருக்கோவில் தாண்டி, விநாயகபுரம் சேர உச்சிவெயில். கல்முனையிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து மைல். அங்கே தங்கம்மா இருக்கிறாள். சண்டைக்கு முன் எங்கள் வீட்டுக்குக் கருவாடு கொண்டுவந்து விற்றவள். சுனாமியில் அவளுடைய மகனும் போனான், என் மகளும் போனாள். அடக்க ரெண்டு மையித்தும் கிடைக்கவில்லை.

எங்கள் ஆண்கள் கபுறுக் குழியில் மூன்று பிடி மண் போடுவார்கள். மண்ணால் படைத்தான், மண்ணுக்கே அனுப்புகிறான், மண்ணிலிருந்தே எழுப்புவான் எண்டு அதற்கு ஓதல். என் மகளுக்கு அந்த மண் விழவில்லை. பிறகு எப்படி எழும்புவாள்? பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். "அல்லாஹ்வுக்கு முடியாததா?" எண்டார். முடியும்தான். எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

நானும் தங்கம்மாவும் கடற்கரையில் ஒரு தோணியின் நிழலில் இருந்தோம். "உங்கட ஆக்கள் மனிசன் எதால வந்தான் எண்டு சொல்லுவாங்க?" எண்டு கேட்டேன்.

"மண்ணாலதான் கா. ஆனா அந்த மண்ணே முதல்ல தண்ணிக்கு அடியில தாண்டு கிடந்ததாம். சாமி ஒரு... மிருகமா இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தவராம்."

"என்ன மிருகம்?"

தங்கம்மா கடலைப் பார்த்தாள். "உங்கட வீட்டில பேர் சொல்லக்கூடாத மிருகம்."

"தௌபா!" எண்டேன். அவள் தன் வாயைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளே சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு!

"எங்கட ஓதலிலயும் உசிருள்ளதெல்லாம் தண்ணியாலதான்" எண்டேன்.

"அப்ப யோசிங்க கா. சாமி மண்ண எங்க இருந்து எடுத்தவர்? கடலுக்கு அடியிலயும் மண்தானே? பிள்ளைகள் அதிலதான் படுத்திருக்கு."

நான் எழும்பி அலை வரைக்கும் போனேன். ஈரமணலை அள்ளி, ஓதி, மூன்று பிடி கடலில் போட்டேன். பெண்பிள்ளை கபுறடிக்குப் போகிறதில்லை. கடலுக்குப் போகக்கூடாது எண்டு எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

"எண்ட மகனுக்கும் போடுவீங்களா?"

"நீ போடு. தாய்க்காரி நீதானே."

போட்டாள்.

பொழுது சாயக் கல்முனைக்கு வந்தேன். சுனாமிக்குப் பிறகு தந்த மாடிவீடு என்னுடையது. கீழிருந்து மேல்வரை சீமெந்து. மிதிக்க ஒரு பிடி மண் இல்லை. கதவைத் திறந்தேன். எங்கே போய் வந்தாய் எண்டு கேட்க உள்ளே ஒருவரும் இல்லை. மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்தபோது நகத்துக்குள் இருந்த மணல் தண்ணியோடு போனது. போகட்டும் எண்டு விட்டேன்.