பன்னிரண்டு சால்

யமுனாவுக்கு அடக்கம் போதாது என்று எங்கள் ஊரில் சொல்லாதவர் இல்லை. நானும் சொன்னவள்தான். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்குகிறவள் நான். யமுனா டிப்ளமா படித்துவிட்டு ரேணிகுண்டாவில் கட்டட வேலைக்கு நிலம் அளக்கிறாள். வாரம் முழுக்க வெயிலில் நின்றவள் ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் இல்லையா? மாட்டாள். ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பலகை கிடையாது, புத்தகம் கிடையாது. கயிறு விட்டுக் கிணற்று ஆழத்தை அளக்க வேண்டும். நிழலை வைத்துப் புளியமரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் என் மகள் சிவசங்கரி, வீட்டுக் கதவைக்கூட விடாமல் அளந்துகொண்டிருந்தாள்.

போன கோடையில் ஏரி வற்றியதும் யமுனா ஊர் ஆபீசான சச்சிவாலயத்தில் மனு போட்டு ஏரியின் வரைபடத்தை வாங்கி வந்தாள். மதகிலிருந்து வடக்கெல்லை நானூறு மீட்டர், தெற்கெல்லை இருநூறு. "நெஜமா அவ்ளோ கீதான்னு நாமளே பாத்துடலாம்" என்றாள். வடக்கே முந்நூற்றுப் பத்திலேயே டேப்பு கிருஷ்ணப்பாவின் மாந்தோப்பு கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

கிருஷ்ணப்பா ஊரில் பெரிய கை. கோபப்படவில்லை, சிரித்தார். "ஏமம்மா, ஊருக்குத்தான் உபதேசமா? மொதல்ல தெக்கால உங்க நைனா கொல்லைய அளந்துகினு வா. அப்புறம் கேட்டைத் தொறக்கறேன்."

பாவி மனுஷன், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தே அடித்தார். யமுனாவின் அப்பா முனிகிருஷ்ணன் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலைதான். ஏரியோரக் கல்மேட்டைப் புருஷனும் பெண்டாட்டியும் கடப்பாரையால் உடைத்து உண்டாக்கிய நாற்பது சென்ட்தான் அவர்கள் முதல்முதலாகச் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட மண்.

"வாணாம்டி" என்று நானே அவள் கையைப் பிடித்தேன். "நாப்பது சென்ட்டுக்காரனும் தோப்புக்காரனும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லக்கா. ஆனா டேப்பு ஒண்ணுதான்."

அளந்தார்கள். இருநூறாவது மீட்டர் வேர்க்கடலைக்கு நடுவில் விழுந்தது. ஏர் ஓட்டிய பன்னிரண்டு சால் ஏரிக்குள். முனிகிருஷ்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பு நுனியைப் பிடித்திருந்த சிவசங்கரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, தப்பா புடிச்சுட்டேனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுடி, சொல்லித் தொலை என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இன்னொருவாட்டி அள" என்றாள் யமுனா. மறுபடியும் அதே இடம். அவளே ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் ஒரு மரமுளையை அடித்து இறக்கினாள்.

"எம் மண்ணுல எம் பொண்ணே முளை அடிக்கறா" என்று சொல்லிவிட்டு முனிகிருஷ்ணன் போய்விட்டார். அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை.

கிருஷ்ணப்பா கேட்டைத் திறந்தாரா? பூட்டு போட்டார். யமுனா பிள்ளைகளிடம், "தொறக்காட்டி போவுது. கழித்தல் தெரியுமில்ல?" என்றாள். கேட்டின்மேலேயே சுண்ணாம்பால் பெரிதாக எழுதினார்கள்: 400 − 310 = 90. அவர் ஆளை வைத்துப் பெயிண்ட் அடித்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் எழுதினார்கள். என் மகள் எழுதும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவள் நான்தான். எவன் கேட்பான், கேட்கட்டும்!

ஆடி மழைக்கு எல்லாரும் விதைத்தார்கள். முனிகிருஷ்ணனும் ஏர் ஓட்டினார். முளைக்கு அந்தப் பக்கம் கலப்பையை இறக்கவே இல்லை. பன்னிரண்டு சால் வெறுமனே கிடந்தது.

விதைத்த கையோடு, சேறு ஒட்டிய காலோடு, அந்த ஞாயிறு யமுனாவும் நாங்களும் நின்றுகொண்டிருந்த மாந்தோப்பு கேட்டுக்கு நேராக வந்தார். கிருஷ்ணப்பாவின் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் கண்டதே இல்லை. அன்று பார்த்தார்.

"என்னுத வுட்டுட்டேன். எம் பொண்ணு வெளிய நின்னுகினு கீறா. கேட்டைத் தொறங்க."