ஆட்டுக்குப் போட்ட மாலை

திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகும் வழியில், கடலோரம் இருந்தது எங்கள் குப்பம். அங்கே மீன் விற்றவள் குப்பம்மா. நல்ல உயரம், நல்ல உடம்பு. தெருமுனையில் கூடையை இறக்கி ஒரு சத்தம் கொடுத்தாளென்றால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சட்டியோடு வந்துவிடுவார்கள். அந்தக் குரல்தான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடிய வருஷம் அது. எங்கள் அம்மன் திருவிழாவுக்கு வழக்கமாக வரும் நாடகக்காரர்களிலும் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். கண்ணன் கதை போடவேண்டும், பூதகி வேஷத்துக்கு ஆள் இல்லை. பூதகி என்றால், மார்பில் விஷம் தடவிக்கொண்டு பச்சைக் குழந்தையான கண்ணனுக்குப் பால் கொடுக்க வந்த அரக்கி. நாடக வாத்தியார் குப்பம்மாவின் சத்தத்தைக் கேட்டார், பிடித்துக்கொண்டார். அம்மன் காரியமாயிற்றே என்று அவளும் சம்மதித்தாள்.

மார்பு வரைக்கும் நீலச் சாயம் பூசி, கோரைப்பல் கட்டி, மரப்பொம்மையைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் குழந்தைகள் வீறிட்டன. பெண்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். மறுநாள் காலையில், "இன்னா பூதகி, யாவாரத்துக்குக் கெளம்பிட்டியா?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்தாள். பாவம், அது விளையாட்டு என்று நினைத்தாள்.

அதே மேடையில் கம்சன் வேஷம் கட்டியவன் மறுநாள் காபிக் கடையில் உட்கார்ந்து மாமு, மச்சான் என்று எல்லோரோடும் வம்பளந்துகொண்டிருந்தான். எத்தனை குழந்தைகளைக் கொன்றவன் கம்சன்! அவனை ஒருவரும் கம்சன் என்று கூப்பிடவில்லை. ஆண் கட்டினால் அது வேஷம், பெண் கட்டினால் அது அவள் குணமா? எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. குடிசைக்குள் முழங்கால் தண்ணீர், மாடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த நேரத்தில் குப்பம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் ஜன்னி கண்டு போய்விட்டது. அவள் அழுது முடிக்கவில்லை, அதற்குள் குப்பம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பூதகி தன் பிள்ளையையே முழுங்கிவிட்டாளாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுப்புராஜும் அதைக் கேட்டுக்கொண்டு கொருக்குப்பேட்டைப் பக்கம் போனவன்தான், திரும்பவே இல்லை.

அந்த வாரமே பக்கத்துக் குடிசை நீலா ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். குப்பம்மாவோடு ஒன்றாகக் கூடை தூக்கியவள் நீலா. அவள் புருஷன் எத்திராஜ், தாயில்லாத சிசுவை மடியில் வைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தான். ஊரில் பால் கறக்கிற மாடு கிடையாது. கைக்குழந்தைக்காரிகளும் காய்ச்சலில் கிடந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஆடு ஓட்டிவந்து பால் ஊற்றும் சாபிராதான் கதி. ஆட்டுப் பாலைச் சங்கில் புகட்டினார்கள். குழந்தை அத்தனையையும் கக்கியது.

குப்பம்மா எத்திராஜ் வாசலில் போய் நின்றாள்.

"எத்திராஜு, கொயந்தய இப்டி குடு. எனுக்குப் பாலு கட்டிக்கினு கீது, வலி உயிரு போவுது. பாவம், அது பசியில கத்திக்கினு கீதே."

எத்திராஜின் அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். "பெத்த புள்ளய முய்ங்கினது பத்தலியாடி ஒனுக்கு? வாசப்படிய மெறிச்சே, அவ்ளோதான்!" என்று ஒரு கை மண்ணை வாரி அவள் மேல் வீசினாள்.

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான். "போயிடு குப்பம்மா. எனுக்குக் கீறது இது ஒண்ணுதான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினான். அவன் கெட்டவனும் இல்லை. உண்மையாகவே பயந்தான்.

குடிசைக்கும் குடிசைக்கும் நடுவே ஓலைத் தட்டிதான் தடுப்பு. அந்தப் பக்கம் குழந்தை அழும்போதெல்லாம் இந்தப் பக்கம் குப்பம்மாவின் ரவிக்கை நனைந்தது. காதைப் பொத்திக்கொண்டாலும் நனைந்தது. பிறகு அழுகை சன்னமாகி, பூனைக்குட்டி முனகுவது போல ஆனது. அதுவும் நின்று நின்று வந்தபோது அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சவுக்குத் தோப்புக்கு ஓடிப்போய் சாபிராவை மறித்தாள்.

"சாபிரா, ஒன் செம்புல என் பால எடுத்துக்கினு போ. ஆட்டுப் பாலுன்னு சொல்லி குட்து வா."

"யா அல்லா! தெரிஞ்சா என்ன உயிரோட உடுவாங்களா அக்கா?"

"தெரியாங்காட்டி அது பொயச்சிக்கும். ஒன் கால்ல வுயுறேன்."

உண்மையாகவே விழுந்தாள். சாபிராவும் நாலு பெற்றவள், மனசு கேட்கவில்லை. சவுக்கு மறைவில் குப்பம்மா வலியோடு பீய்ச்சிக் கொடுத்த பாலை எடுத்துப்போய், "இது வேற ஆடு, வெள்ளச்சி பாலு. வெள்ளத்துல தீனி இல்ல, அதான் தண்ணியா கீது" என்று ஒரே மூச்சில் பொய் சொன்னாள். குழந்தை குடித்தது. கக்கவில்லை. குடித்துவிட்டுத் தூங்கியது.

தினமும் அப்படியே நடந்தது. குழந்தை தேறியது, தேசம்மா என்று பெயர் வைத்தார்கள். எத்திராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த வெள்ளாட்டை அம்மன் கோயிலுக்கு ஓட்டிப்போய், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டான். குப்பமே வந்து ஆட்டைத் தொட்டுக் கும்பிட்டது. ஆடு மாலையைத் தின்றுகொண்டு நின்றது. கூடையோடு அந்த வழியாக வந்த குப்பம்மாவை ஒருத்தி விரட்டினாள்: "எட்டப் போ! ஆட்டு மேல ஒன் கண்ணு படப் போவுது."

மாலை போட்ட ஆட்டுக்குத் தீனி தேடி வந்தது. பால் கொடுத்தவளுக்குச் சோற்றுக்கே வழியில்லை. அவளிடம் மீன் வாங்கப் பயந்தார்கள், ரேஷன் அரிசி பாதி நாள் வயிற்றுக்கே காணவில்லை. பால் குறைந்தது. சாபிராவின் செம்பில் அடி மட்டும் நனைந்த ஒருநாள், குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா ஆக்கிப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விற்க வந்ததில் ஒரு சுறாவை ஒதுக்கி, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்தாள். வாசனை தட்டியைத் தாண்டிப் போயிற்று.

எத்திராஜின் அக்கா வந்து நின்றாள். "செத்த புள்ளைக்கு எதுக்குடி பால்சுறா?"

குப்பம்மாவுக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குப்பம் வாயடைத்துப் போயிருக்கும். ஆனால் அன்றோடு செம்பும் நின்றிருக்கும்.

"நாக்கு ருசி கேட்டுச்சு" என்றாள்.

"தூ! புள்ளய தின்னவளுக்கு ருசி வேற கேக்குதா?" அடுப்பின் மேலேயே துப்பிவிட்டுப் போனாள் அந்த அம்மாள். குப்பம்மா சட்டியைத் துடைத்தாள். அழுதுகொண்டே, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

தேசம்மா சோறு பிசைந்து தின்னும் வரைக்கும் செம்பு போய் வந்தது. பிறகு பால் வற்றியது. யுத்தம் முடிந்ததும் நாடக வாத்தியார் திரும்ப வந்து பூதகி கட்டக் கூப்பிட்டார். "நான் வேசத்த அன்னிக்கே கயுவிட்டேன் நைனா. இவுங்கதான் இன்னும் கயுவல" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் யாரோடும் அவள் சண்டைக்குப் போகவில்லை.

இதெல்லாம் சாபிரா என்னிடம் ரொம்ப நாள் கழித்துச் சொன்னது. வெள்ளச்சி செத்து, அதைக் குப்பத்தார் மேளம் கொட்டிப் புதைத்த பிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். சாபிராவும் குப்பம்மாவும் கடற்கரையில் வந்துகொண்டிருந்தார்கள். எதிரே தேசம்மா, கையில் கிளிஞ்சலோடு. குப்பம்மாவைக் கண்டதும் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, பூதகி!" என்று அலறி, கிளிஞ்சலை அவள் மேலேயே வீசியடித்துவிட்டு மணலில் விழுந்தடித்து ஓடியது.

சாபிராவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னிக்காவது சொல்லிட்றேங்கா" என்று கத்தினாள்.

குப்பம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் கிளிஞ்சல் கீறிய இடத்தில் ரத்தம் கசிந்தது. அவள் பார்வை ஓடும் பிள்ளையை விட்டு நகரவில்லை.

"இன்னா ஓட்டம் ஓடுது பாரு சாபிரா" என்றாள். "காலு நல்லா பலமா கீது."