லேடாங் பாறைப் பூ

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு செடிக்கடையில் அந்த ஊதாப் பூவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் லேடாங் மலைப் பாறையிடுக்கைத் தவிர வேறெங்கும் அது முளைக்காது.

நாடு விடுதலையடைந்த மெர்டேக்கா வருஷம், சீமைக்குத் திரும்பவிருந்த துரைக்காக, அவருடைய தோட்டக்காரரான அப்பா அதை வேரோடு பெயர்த்துவந்து காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் வைத்திருந்தார். அம்மா தினமும் அதற்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். நாலே நாளில் வேர் அழுகிவிட்டது.

“யாரக் கேட்டு ஊத்தின, சனியனே?” அப்பா அறைந்ததில் அம்மாவின் தோடு தெறித்தது.

“கல்லுல பட்டினியா கெடந்துச்சேன்னுதாங்க ஊத்தினேன்” என்று அழுதாள்.

மறுநாளே அப்பா மலையேறி, துரைக்கு இன்னொரு செடி தேடிக் கொண்டுவந்தார். அம்மாவின் தோட்டை அவர் தேடவில்லை.

கைப்பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, அத்தனை தண்ணீரையும் கடையிலிருந்த அந்த ஊதாப் பூவின் தொட்டியில் கவிழ்த்தேன்.

“ஆன்ட்டி, தண்ணி கூடினா வேர் அழுகிடும்லா!” கடைக்காரப் பெண் ஓடிவந்தாள்.

“தெரியும்” என்றேன்.