ஒரே பெயரில் பதினொரு படங்கள்

யோகேஸ்வரனுக்கு எதுவும் கலந்து கிடக்கக் கூடாது. எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்குப் பொறுப்பாளராக வந்த முதல் வாரத்திலேயே பழைய பத்திரிகைகளை மாதவாரியாகக் கட்டி அடுக்கினார். வாசலில் பிள்ளைகள் கழற்றிப் போடும் செருப்புகளைக்கூட அளவு பார்த்து வரிசையாக வைப்பார். கல்யாண வீட்டில் சோற்றையும் குழம்பையும் தனித்தனியாகச் சாப்பிடுகிற ஆள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் கோபிக்க மாட்டார். "கலந்து கெடந்தா அது தேயில இல்லீங்க சேர், குப்பை" என்பார்.

அது ஸ்டோரில் படித்த பாடம். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சலித்துத் தரம் பிரிக்கும் பகுதியில் பத்தொன்பது வருடம் நின்றவர் அவர். அங்கே ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரே பெயருள்ள தூள் எந்த நாளில் வந்தாலும் ஒரே பெட்டியில் கொட்ட வேண்டும். பெயர் ஒன்றென்றால் சரக்கும் ஒன்றுதான். ஸ்டோரை மூடிய பிறகு, படிப்பில் ஆசையுள்ள மனிதர் என்று அவருக்கு வாசிகசாலையைக் கொடுத்தார்கள்.

வாசிகசாலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. எங்கள் பக்கத்தில் சிக்னல் கிடையாது. அதனால் யோகேஸ்வரன் சனிக்கிழமைகளில் லிந்துலைக்குப் போய், நிப்ராஸின் கம்யூனிகேஷன் கடையில் பிள்ளைகளுக்குத் தேவையான இணையப் பக்கங்களைச் சேமித்து, பென் டிரைவில் கொண்டுவருவார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். என் வகுப்புப் பிள்ளைகள் எரிமலையைப் பார்த்தது அவர் கொண்டுவந்த பக்கத்தில்தான்.

நிப்ராஸ் முதல் நாளே சொல்லியிருக்கிறான்: "அண்ணன், ஒரு பக்கத்தச் சேவ் பண்ணினா அதோட ஒரு ஃபோல்டரும் வரும். படமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சிடாதீங்க." இவரும் தலையாட்டினார்.

போன வருடம் ஆடி மழையில் எங்கள் மேல்பிரிவு லயத்து வீடுகளின் மீது மண் சரிந்தது. பதினொரு பேர் போய்விட்டார்கள். நாகலெட்சுமியின் ஒரே மகள் பிரேமினியும் அதில் ஒருத்தி. பதினான்கு வயது. என்னிடம் படித்த பிள்ளை. வீட்டோடு படங்களும் போனும் மண்ணுக்குள் போயின. பொல்பிட்டியவில் இருக்கும் அண்ணன் வந்து நாகலெட்சுமியை அழைத்துப் போனார்.

அட்டன் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஓர் இணையதளம் தொடங்கி, இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். பிரேமினியின் படத்தை அவளுடைய சிநேகிதி தனுஷிகா தன் போனிலிருந்து கொடுத்திருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று யோகேஸ்வரன் வாசலில் நின்றபடி அவசரப்படுத்த, நிப்ராஸ்தான் பதினொரு பக்கங்களையும் சேமித்துக் கொடுத்தான். வாசிகசாலையில் அவற்றைத் திறந்து பார்க்க எங்களில் யாருக்கும் மனம் துணியவில்லை.

அடுத்த வாரம் யோகேஸ்வரன் கம்ப்யூட்டரைத் துப்புரவு செய்தார். ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு ஃபோல்டர், அதற்குள் என்னென்னவோ துண்டு துணுக்குகள். அவருக்குப் பொறுக்குமா? படங்களையெல்லாம் எடுத்து ஒரே இடத்தில் சேர்த்தார். அந்தப் பதினொரு படத்துக்கும் இளைஞர்கள் 'போட்டோ' என்று ஒரே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டது. பெயர் ஒன்றுதானே என்று இவரும் பத்துத் தடவை சம்மதம் கொடுத்தார். அன்று மாலை நான் போனபோது திரை வெறிச்சென்று சுத்தமாக இருந்தது. "நீங்க வந்த பெறகுதான் இதுக்கு ஒரு களை வந்திருக்கு" என்று பாராட்டினேன். அந்த வாயை என்ன செய்வது.

நாலு மாதத்தில் அந்த இணையதளம் இல்லாமல் போயிற்று. தனுஷிகா குடும்பம் கொழும்புக்குப் போனது, அவளுடைய போனும் மாறிவிட்டது.

இந்த ஆனியில் நாகலெட்சுமி திரும்பி வந்தார். நேரே வாசிகசாலைக்குத்தான் வந்தார். "வருசத் திதிக்கு மவ படம் ஒண்ணு வேணும்ணே. நீங்கதான் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கீங்கனு சொன்னாங்க."

யோகேஸ்வரன் பக்கத்தைத் திறந்தார். பிரேமினியின் பெயர் இருந்தது, வயது இருந்தது, அவளைப் பற்றி நாலு வரி இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். படங்களைச் சேர்த்த இடத்தில் பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழவரின் படம் கிடந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"அந்தப் பக்கத்துல படமே போடல தங்கச்சி."

"தனுஷிகா குடுத்ததா சொன்னாளே. நான்தான் சரியா விசாரிக்காம விட்டுட்டேன். எந் தப்புதான்ணே" என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி இறங்கிப் போனார்.

அந்த வார்த்தை யோகேஸ்வரனைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமையே லிந்துலைக்கு ஓடினார். நிப்ராஸ் கடைக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். நாகலெட்சுமியைக் கண்டால் இவர் வேறு பாதையில் சுற்றிப் போனார். திதிக்கு முதல் நாள் என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிழை செய்தவனை மன்னிக்கலாம், பெற்றவள் தலையில் பிழையைக் கட்டியவனை என்ன சொல்வது? வாயில் வந்தபடி ஏசினேன். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கூட வாங்க சேர், தனியாப் போகக் கூசுது" என்றார்.

நாகலெட்சுமி, வீடிழந்தவர்களுக்குப் போட்டிருந்த தற்காலிகக் கொட்டிலின் வாசலில் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரன் உட்காரவில்லை. எதையும் மறைக்காமல் சொன்னார். "படம் இருந்திச்சி தங்கச்சி. நான்தான் பிரிச்சி எடுத்து அழிச்சிட்டேன். ஒங்க மேல தப்பே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

ஏசுவார், அழுவார் என்று நினைத்தேன். இரண்டு அடி அடித்தாலும் சரிதான் என்று நின்றேன். நாகலெட்சுமி விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கே நெஞ்சு கூசியது.

"அப்ப நீங்க பாத்திருப்பீங்கல்ல அண்ணே. நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. எப்படி நின்னா? ரெட்டப் பின்னல் போட்டிருந்தாளா? சிரிச்சாளா?"

பதினொரு பேரின் படத்தையும் தன் கையாலேயே நகர்த்தியவர் யோகேஸ்வரன். அதில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்திருக்கவில்லை. பெயரை மட்டும்தான் பார்த்தார். ஆமாம், சிரித்தாள் என்று சொன்னால் போதும், அந்த மனுசி அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளிவிடுவார். சொல்லிவிடுங்கள் என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் பாக்கல தங்கச்சி" என்றார் யோகேஸ்வரன்.