புறங்கையில் ஒட்டிய மணல்

ஒவ்வொரு வார்ப்புக்கு முன்பும் அவர் வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வார்ப்புப் படுகையின் மணலில் புறங்கையை வைத்து மனத்துக்குள் இருபது வரை எண்ணுகிறார். மூன்று இடங்களில் இப்படி. பிறகு எழுந்து, "காஞ்சிருக்கு. விடலாம்" என்கிறார். அவர் சொல்லாமல் உலையின் வாயை யாரும் திறப்பதில்லை.

உலைக்குள் குரோமியத் தாதுவும் கரியும் கிடந்து வேகின்றன. ஆயிரத்து எழுநூறு டிகிரிச் சூட்டில், தாது இறுக்கிப் பிடித்திருக்கும் ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொள்ளும்; உலோகம் அடியில் இறங்கும், கசடு மேலே மிதக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வாயைத் திறந்தால் உருகிய உலோகம் படுகைக்கு ஓடிவரும். அங்கே ஒரு கை ஈரம் இருந்தால் போதும். நீர் நொடியில் ஆவியாகி, உலோகத்தை ஆட்கள்மேல் வாரி அடித்துவிடும். சுற்றி நிற்பவர்கள் ஆறு பேர்.

பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆலையில் அவருக்குப் பெயரே 'புறங்கை'தான். வீட்டிலும் துவைத்த சட்டை, தலையணை, குளித்துவந்த மகளின் தலை எல்லாவற்றுக்கும் அதே சோதனை. "கல்யாணத்தன்னிக்கு என் கையப் புடிக்கச் சொன்னா, புறங்கைய வச்சுப் பாத்தாரு மனுஷன். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்பார் மனைவி.

போன மாதம் பதினொன்றாம் தேதி, காலை ஒன்பது நாற்பது. மூன்று இடமும் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு" என்றார். உலை வாயைத் துளையிடுபவர் கருவியைத் தூக்கிவிட்டார். உலோக மாதிரி எடுக்க வந்திருந்த ஆய்வுக்கூடப் பெண் குறுக்கே கை நீட்டினாள்.

"அண்ணே, உங்க கையப் பாருங்க."

விரல் முட்டிகளில் மணல் அப்பியிருந்தது. காய்ந்த மணல் ஒட்டாது. எங்கோ குளிர்நீர்க் குழாய் கசிந்து படுகையின் அடிவரை வந்திருக்கிறது.

"என்ன மச்சான், எங்களப் பொசுக்கப் பாத்தியா?" என்று ஆரம்பித்த துளையிடுபவர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் தன் பாட்டிலைத் திறந்து அவர் புறங்கையில் குளிர்ந்த நீரை ஊற்றினாள். அவர் கண் படுகையிலேயே இருந்தது.

"தெரியுதாண்ணே?"

"எது?"

அவர் குனிந்து, சொட்டும் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எத்தன நாளா கை இப்படி மரத்திருக்கு?"

"தெரியலம்மா. அப்ப நேத்து நாலு தடவ நான் எதப் பாத்துச் சொன்னேன்?"

உலையில் உலோகம் நிறைந்துவிட்டது, அது காத்திருக்காது. பக்கத்துப் படுகை தயாராக இருந்தது. ஆறு பேரும் பழக்கம் விடாமல் அவர் வாயையே பார்த்தார்கள்.

அவர் அங்கே போய்க் கையுறையைக் கழற்றினார். சற்று நின்று, திரும்ப மாட்டிக்கொண்டார். தலைக்கவசத்தை எடுத்துக் கீழே வைத்தார். மண்டியிட்டுக் குனிந்து, வலது கன்னத்தை மணலில் வைத்துக் கண்ணை மூடினார். இருபது எண்ணிக்கை. மூன்று இடங்கள்.

எழுந்தவர் "காஞ்சிருக்கு" என்று சொல்லாமல் நேராக அந்தப் பெண்ணிடம் போய், கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.