பதினெட்டாவது கேட்

மகனின் இரண்டாவது ஓட்டம் நம் நேரப்படி காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு என்று பட்டியலில் போட்டிருந்தது. பதினொன்று பத்துக்கு நான் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். அடுத்த ஷீட்டை உருவிப் பார்க்க இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அந்த நேரத்தை முதலாளியிடம் முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தேன். சீசன் நேரம், லீவு கேட்க முடியாது.

சிவகாசியில் காலண்டரும் டைரியும் அடிக்கும் அச்சகம் ஒன்றில் ஷீட் பார்ப்பது என் வேலை. தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இருக்கும். நான்கு நிறத்துக்கும் நான்கு குறி. நான்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி அகலம் விலகியிருந்தாலும் சாமி படத்துக்கு இரண்டு உதடு வந்துவிடும். சரியாக இருந்தால் மூலையில் கையெழுத்துப் போடுவேன். அது விழாமல் மெஷின் ஓடாது. விழுந்த பிறகு தப்பு தெரிந்தால் அது மெஷின்மேன் தப்பு இல்லை, என் தப்பு. இருபத்தாறு வருடத்தில் அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. இரண்டுக்கும் நாளும் நேரமும் என் டைரியில் இருக்கிறது.

மகன் அன்று வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் போட்டியில், ஆண்கள் கயாக் ஸ்லாலத்தில் இருந்தான். ஒருவர் மட்டும் உட்காரும் ஒடுக்கமான படகு, இரண்டு முனையிலும் தட்டு வைத்த துடுப்பு, நுரைத்துக்கொண்டு இறங்கும் தண்ணீர். தண்ணீருக்கு மேலே குறுக்கே கட்டிய கம்பியில் இரண்டிரண்டு கம்புகளாகத் தொங்கும். ஒரு ஜோடி ஒரு கேட். பச்சை என்றால் ஓட்டத்தோடு நுழைய வேண்டும். சிவப்பு என்றால் படகைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்து ஏறி நுழைய வேண்டும். கம்பில் பட்டால் இரண்டு விநாடி கூடும். கேட்டைத் தவறவிட்டால் ஐம்பது. படகோ துடுப்போ உடம்போ பட்டால்தான் அந்த இரண்டு. கம்பு காற்றில் ஆடினாலோ தண்ணீர் தெறித்து ஆடினாலோ கணக்கில்லை. இதையெல்லாம் டைரியின் கடைசிப் பக்கத்தில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன்.

முதல் ஓட்டத்தில் ஒன்பதாவது கேட்டைத் தவறவிட்டுவிட்டான். ஐம்பது விநாடி. இரண்டு ஓட்டத்தில் எது நல்லதோ அதுதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் மிச்சம் இருந்தது இந்த ஒன்று. முதல் பத்துப் பேர் இறுதிக்குப் போவார்கள்.

அவன் ராணுவத்தில் இருக்கிறான். சூலக்கரை மைதானத்தில் ஓடிப் பழகித் தேர்வானவனை, நன்றாக நீந்துகிறான் என்று அங்கே படகுக் குழுவில் போட்டார்கள். ஆறு வருடம் அதிலேயே இருந்தான். இந்தத் தடவை இறுதிக்கு வராவிட்டால் குழுவில் இடம் கிடையாது, படகை ஒப்படைத்துவிட்டு யூனிட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். கடிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கூட ஒரு வரியும் எழுதவில்லை.

பிளேட் போடும் அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் பார்த்தோம். என் மனைவி அதே அச்சகத்தில் பைண்டிங்கில் இருக்கிறாள். காலண்டர் அட்டையில் தேதிக் கட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள் கையில் பசையோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மெஷின்மேன் ஒரு கண் மெஷினிலும் ஒரு கண் திரையிலுமாக வாசலில் நின்றான்.

"வைப்பாத்துல படகு விடணும்னா அடியில டயர் மாட்டணும் அண்ணே. அந்த ஊர்லருந்து போயி ஒம்ம மகன் தண்ணியில போட்டி போடுதான் பாரும்" என்றான்.

"ஒங்க மெஷினப் பாருங்க தம்பி. பேப்பர் ரெண்டு ரெண்டாப் போவுது" என்றாள் மனைவி.

அவன் பதறித் திரும்பினான். ஒன்றும் இல்லை.

"சும்மாத்தான் சொன்னேன். இப்பயாச்சும் கொஞ்சம் பேசாம இருங்க."

பதினொன்று இருபத்துநான்குக்கு மகனின் படகு இறங்கியது. முதல் ஐந்து கேட்டும் பச்சை. தலையைக் குனிந்து, கம்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விட்டு, ஒரே கோடாக இறங்கினான். ஆறில் திரும்பி ஏறினான். ஒன்பது வந்தபோது மனைவியின் பசைக் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. ஒன்பதில் நுழைந்தான். காலர் விடுபடவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று. திரையின் மேல் மூலையில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கில் படகின் மூக்கு தண்ணீருக்குள் போய் அவனை மார்பு வரைக்கும் மூடிவிட்டு மேலே வந்தது. பதினெட்டு சிவப்பு. துடுப்பை ஊன்றிப் படகைச் சுழற்றினான், வெள்ளையாகத் தண்ணீர் எழும்பியது, அதற்குள்ளிருந்து தோளைச் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தான். வலப்பக்கக் கம்பு ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி நான்கு கேட்டை நான் பார்க்கவில்லை. அந்தக் கம்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

94.88 என்று விழுந்தது. பக்கத்தில் சிவப்பில் ஒரு 2. மொத்தம் 96.88. பட்டியலில் பதினொன்றாவது இடம். பத்தாவது ஆளின் நேரம் 95.90. அந்த இரண்டு இல்லையென்றால் இவன் உள்ளே. இவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள், இருவரும் பட்டியலில் கீழேதான் போனார்கள்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அப்பா, பாத்தீகளா?" மூச்சு வாங்கியது.

"பாத்தோம்லே."

"பதினெட்டுல ரெண்டு போட்டிருக்காக. கோச் மேல ஆறாவது கேட்டுக்கிட்ட நின்னாரு, கீழ நடந்தது அவருக்குத் தெரியல. நடுவர்கிட்ட எழுதிக் குடுத்தா வீடியோவத் திரும்பப் போட்டுப் பாப்பாக. ஆனா படலைன்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் குடுப்பேங்காரு. டிவில கிட்டக்கக் காட்டிருப்பாகல்ல? பாத்துச் சொல்லுங்கப்பா. அஞ்சு நிமிசந்தான் இருக்கு."

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சது? பட்டுச்சா?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க. ஒங்க கண்ணுக்குத் தப்புமா? இது கோச் போனு, இதுக்கே அடிங்க."

நான் படத்தைப் பின்னால் இழுத்தேன். பதினெட்டில் நிறுத்தினேன். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்துத் திரைமேல் வைத்தது. குனிந்து பார்த்தேன். கம்பும் இல்லை, தோளும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வரிசையாக நின்றன.

"அண்ணே, அது பேப்பர் இல்ல" என்றான் மெஷின்மேன். அவன் கேலி செய்யவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

லென்ஸை உள்ளே வைத்தேன். வேறு வழியில் யோசித்தேன். ஒரு குறி விலகியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்துக் குறியோடு ஒப்பிட வேண்டும். காகிதமே நகர்ந்திருந்தால் நான்கும் சேர்ந்து நகர்ந்திருக்கும். ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் அந்த ஒன்றில்தான் கோளாறு. இங்கே இரண்டு கம்பும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. காற்றென்றால் இரண்டும் ஆட வேண்டும். மறுபடி ஓடவிட்டேன். இடப்பக்கக் கம்பு தூக்கு நூல் போல நேராக நின்றது. வலப்பக்கம் மட்டும் ஆடியது. அவன் தோள் போன பக்கம்.

நாரணாபுரம் பக்கம் எங்கோ கம்பெனியில் வெடியை டெஸ்ட் பண்ணும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

"படலைன்னுதான் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "திரும்பப் பாக்கப் போறது அவுகதான. பாத்துட்டு இல்லைன்னா இல்லைங்கட்டும்."

"ஒத்தக் கம்புதான் ஆடுது. நான் எப்படிச் சொல்ல?"

"வாயாலதான் சொல்லணும்."

பதினொன்று முப்பத்துமூன்றரைக்கு நான் அந்த நம்பருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பட்டிருக்குலே" என்றேன்.

"சரிப்பா" என்றான். வைத்துவிட்டான்.

மெஷின்மேன் வாசலிலிருந்து நகர்ந்தான். மனைவி நகரவில்லை. திரையில் நான் நிறுத்தி வைத்திருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பசைக் கையால் துடைத்ததில் கன்னத்தில் காய்ந்துபோயிருந்தது.

"ஏங்க, இம்புட்டுத் தண்ணி எந்திரிக்கே. அது மேல விழுந்தா கம்பு ஆடாதா?"

டைரி நினைவுக்கு வந்தது. கடைசிப் பக்கம், நான் வரிசை எண் போட்டு எழுதிய வரி. அதில் காற்று என்ற பாதியை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு மற்றப் பாதியை விட்டிருந்தேன். என் வேலையில் தண்ணீர் தெறித்து எதுவும் நகர்ந்ததில்லை. ஒன்று நகர்ந்தால் ஏதோ ஒன்று அதைத் தொட்டிருக்கும், அவ்வளவுதான் நான் அறிந்தது.

ஒவ்வொரு படமாக நகர்த்தும் பொத்தானை அழுத்தினேன். துடுப்பு ஊன்றுகிறது. தண்ணீர் எழும்புகிறது. தண்ணீர் கம்பின் கீழ் நுனியில் விழுகிறது. கம்பு சாய்கிறது. தோள் இன்னும் வரவில்லை. அடுத்த படம். தோள் இன்னும் வரவில்லை. அதற்கு அடுத்ததில்தான் தோள் வருகிறது, அதற்குள் கம்பு அவனை விட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறது. நடுவே வெளிச்சம் தெரிந்தது.

அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன், இரண்டாவது தடவையும் தப்பிவிடக் கூடாது என்று முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். பிறகு இன்னொரு தடவையும் பார்த்தேன். மூன்று தடவையும் கம்புதான் முதலில் அசைந்தது.

"அடிங்க, அடிங்க" என்று மனைவி என் தோளைக் குத்தினாள்.

அடித்தபோது பதினொன்று முப்பத்தாறு தாண்டி நாற்பது விநாடி. மணி ஐந்து தடவை அடித்த பிறகு எடுத்தான்.

"தண்ணிலே. தண்ணிதான் பட்டுருக்கு. தோளு படல. எழுதிக் குடுக்கச் சொல்லு."

"முடிஞ்சிருச்சுப்பா" என்றான். "பத்து பேரு லிஸ்ட் ஒட்டிட்டாக."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்லே."

"பரவால்லப்பா. கோச்சுக்குப் போன் வேணுமாம். வைக்கேன்."

நான் வெளியே வந்தபோது மெஷின் நின்றிருந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு உருவ வேண்டிய ஷீட்டை உருவி மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் கனம் வைத்திருந்தான் மெஷின்மேன்.

"நீங்க போடாம நான் ஓட்டல அண்ணே."

குனிந்து பார்த்தேன். நான்கு குறியும் சரியாக உட்கார்ந்திருந்தன. கையெழுத்துப் போட எனக்கு வெகுநேரம் ஆனது. மனைவி என்னைக் கடந்து பைண்டிங்குக்குப் போனாள். அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த நாலைந்து நாளும் சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. டைரியில் அன்றைய பக்கத்தில் நேரங்களை மட்டும் வரிசையாக எழுதினேன். 11.31, 11.33, 11.36. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

மகன் கார்த்திகையில் லீவில் வந்தான். படகை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான். வந்த மறுநாள் காலை, அவன் அம்மா அடுப்படியில் இருக்கும்போது, என் போனில் வைத்திருந்த அந்த வீடியோத் துண்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒளித்து வைக்க எனக்கு முடியவில்லை.

"இந்தா பாரு. இங்கன தண்ணி விழுது. இங்கன கம்பு சாயுது. ஒந் தோளு இன்னும் வரவே இல்ல."

அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். முன்னும் பின்னும் நகர்த்தினான்.

"படலைன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. தோள்ல ஒண்ணும் படல. பட்டா சுளீர்னு தெரியும்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்புறம் ஏம்லே எங்கிட்டக் கேட்ட?"

"கோச் நம்பணும்ல. எல்லாப் பயலும் படலைன்னுதான் சொல்லுவான்னாரு. எங்கப்பாட்ட கேக்கேன், அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நாந்தான் சொன்னேன்." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "நீங்க பட்டுச்சுன்னீகளா. சரி, எனக்குத்தான் தெரியாமப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். கேட்க வேண்டியது இன்னும் இருந்தது. நீ ஏன் உன் தோளை நம்பவில்லை என்று கேட்கலாம். கேட்டால் அதற்கும் அவன் என்னைத்தான் காட்டுவான்.

மனைவி இட்லித் தட்டோடு வந்து இருவரையும் உட்காரச் சொன்னாள். கண்ணைத் துடைத்திருந்தாள், ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

"இப்ப என்ன வேலைலே குடுத்துருக்காக?"

"வெள்ளத்துல மாட்டுனவுகளத் தூக்குற டீமும்மா. பெரிய ரப்பர் படகு. பத்துப் பேரு ஒக்காரலாம்."

"அதுலயும் மேல கம்பு தொங்கவிட்டுருப்பாகளா?"

"இல்லம்மா. அதுல எங்க வேணும்னாலும் முட்டிக்கிடலாம். கூரைல முட்டு, மரத்துல முட்டு, ஒருத்தனும் ரெண்டு போட மாட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அவன் சிரிக்கும்போது வலது தோள் லேசாக உள்ளே ஒதுங்கியது, கம்பில் படாமல் ஒதுங்கிய ஆறு வருடப் பழக்கம். நான் அதைப் பார்த்துவிட்டுச் சட்னியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன்.